இலவசத் தண்ணீர் விளையாட்டுக்கு எவ்வளவு கரண்ட்?



எங்கள் கொட்டிவாக்கம் குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி., முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். என்று தண்ணீர் விளையாட்டு இடங்கள் உண்டு. டிக்கெட் எடுத்தால்தான் உள்ளே போகலாம். "நம்ம பூங்காவிலேயும் பிள்ளைங்களுக்கு இலவசமா ஒண்ணு வெச்சா என்ன?" என்று அம்மா கேட்டார். வைக்கலாம். மாதா மாதம் ஓட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. வகுப்பில் படித்த பம்ப் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சறுக்கில் விநாடிக்கு 50 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

50 × 9.81 × 10 = 4905 வாட்.

பம்பும் மோட்டாரும் சேர்ந்த திறன் 65 சதவீதம் என்றால், இழுக்கும் மின்சாரம் சுமார் 7.5 கிலோவாட். தினம் 8 மணி நேரம் ஓடினால் 60 யூனிட். 30 நாளுக்கு 1800 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று கணக்கிட்டால் 18,000 ரூபாய். குளோரின், ஆள் சம்பளம் எல்லாம் தனி.

இதை எப்படிக் குறைப்பது?

1. உயரம்: 10 மீட்டர் 5 ஆனால் செலவும் பாதி. சின்னப் பிள்ளைகளுக்குத் தரையிலிருந்து பீச்சும் ஊற்றே போதும்.

2. வேகம்: ஊற்று பம்பின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால், மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும் (0.8 × 0.8 × 0.8 = 0.512). சறுக்கில் ஏற்றும் உயரம் மாறாததால் இந்தக் கணக்கு அங்கே செல்லாது. ஆள் இல்லாத நேரம் நிறுத்தி வைக்க வேண்டியதுதான்.

3. சிந்தும் தண்ணீர்: தென்சென்னைக்கு 2013 முதல் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். இந்த முறையில் 1000 லிட்டருக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட் ஆகும். தினம் 5000 லிட்டர் வீணானால், 15 முதல் 20 யூனிட்டும் அதோடு போச்சு! 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற தெரு எங்களுடையது. அங்கே தண்ணீரைச் சிந்தவிட்டால் யாரும் பொறுக்க மாட்டார்கள். ஆகவே சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மிச்சம் பிடிக்கிறேன் என்று வடிகட்டும் பம்பையும் குளோரினையும் மட்டும் நிறுத்தக் கூடாது. அந்தத் தண்ணீர் பிள்ளைகளின் வாய்க்குள் போகும்; வயிற்றுப்போக்கு வரும்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அம்மா கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது: உயரம் குறைவாக, நேரம் அளவாக அமைத்தால் ஓட்டலாம். புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் நண்பர்களே, உங்கள் ஏரியா பூங்காவில் நின்றுபோன ஊற்று இருக்கிறதா? மோட்டார் பிளேட்டைப் படியுங்கள், கணக்குப் போடுங்கள், வார்டு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்!