முதலில் படத்தை நிமிர்த்து

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஷாட் பட்டியல் கிடைத்தது. தலைகீழாக வந்திருக்கும் கிளிப்புகளைத் தனி நிறத்தில் குறித்திருக்கிறாய். நல்ல பழக்கம், விடாதே. ஆனால் பட்டியலின் அடியில் "கிரேடிங் முடிந்ததும் மொத்தமாகத் திருப்பிக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கிளிப்புகளை இன்றே நிமிர்த்து. கலர் வீலில் கை வைப்பது அதற்குப் பிறகு. இதற்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று உனக்குத் தோன்றலாம். காரணங்களை விரிவாகவே சொல்கிறேன்.

படம் எப்படிக் கவிழ்ந்தது என்பதை முதலில் தெரிந்துகொள். தரையை ஒட்டிப் போகும் ஷாட்டுக்காகக் கிம்பலைத் தலைகீழாகப் பிடித்திருப்பார்கள். காரின் அடியிலோ கிரேனின் நுனியிலோ கேமராவைத் தொங்கவிட்டிருப்பார்கள். கேமரா மெனுவில் இதற்கென்று வசதி உண்டு. மானிட்டரில் தெரியும் படத்தை மட்டும் திருப்புவது ஒன்று, பதிவாகும் படத்தையே திருப்புவது இன்னொன்று. முதல் வகையை மட்டும் போட்டுவிட்டால் படப்பிடிப்பில் எல்லோருக்கும் படம் நேராகத்தான் தெரியும். கார்டில் கவிழ்ந்தே பதிவாகும். அன்றிரவு பிராக்ஸி எடுப்பவர் அதைப் பார்த்துத் திருப்பிவிடுவார். எடிட்டர் மூன்று மாதம் அந்த நேரான பிராக்ஸியை வைத்து வெட்டுவார். பிறகு உன்னிடம் இ.டி.எல். வரும். அதில் எந்தக் கிளிப், எந்த டைம்கோடிலிருந்து எதுவரை என்பதுதான் இருக்கும். திருப்பிய செய்தி இருக்காது. நீ கான்ஃபார்ம் செய்து ஒரிஜினலை இணைத்ததும் கதாநாயகி கூரையில் நடக்கிறாள். பிராக்ஸி எடுத்தவருக்குப் பிறகு, இத்தனை பேர் கைமாறி வந்த படத்தில் கவிழ்ந்ததைப் பார்ப்பவன் நீதான். அதனால் நிமிர்த்துவதை எடுபிடி வேலை என்று நினைக்காதே. அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை.

இந்த வேலைக்கு ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கியதைக் காட்டிய வெஸ்டிங்ஹவுஸ் டெலிவிஷன் கேமரா, லூனார் மாட்யூலின் பக்கவாட்டுப் பெட்டியில் தலைகீழாகத்தான் பொருத்தப்பட்டிருந்தது. பொறியாளர்களுக்கு இது முன்பே தெரியும். அந்தக் கேமரா நொடிக்கு 10 ஃப்ரேம், 320 வரிகள் என்ற கணக்கில் அனுப்பியது. வீட்டு டி.வி.க்கு ஏற்றபடி அதை 525 வரிகளாக மாற்றும் கருவி பூமியில் இருந்த நிலையங்களில் இருந்தது. படத்தைத் திருப்பும் ஸ்விட்சையும் அந்தக் கருவியிலேயே வைத்திருந்தார்கள். ஆனாலும் முதல் சில நொடிகள் உலகம் பார்த்தது கவிழ்ந்த படத்தைத்தான். பார்த்தவர்களுக்கு அது என்னவென்றே புரியவில்லை. ஸ்விட்சைத் தட்டிய பிறகுதான் ஏணி ஏணியாகத் தெரிந்தது, அதில் இறங்கும் கால் காலாகத் தெரிந்தது. கோல்ட்ஸ்டோன் நிலையத்தின் படத்தில் கான்ட்ராஸ்ட் அளவுக்கு மீறி இருக்கிறது, ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் க்ரீக் படம் தேவலை என்று ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்ததெல்லாம் அதற்குப் பிறகு. இருட்டு அதிகமா, வெளிச்சம் போதுமா என்று முடிவுசெய்ய, பார்ப்பது இன்னதென்று கண்ணுக்கு முதலில் தெரிய வேண்டும்.

"ஸ்கோப்பில் எண்கள் மாறாதே" என்று நீ கேட்கலாம். வெக்டர்ஸ்கோப் மாறாது, உண்மை. ஆனால் நீ கிரேடு செய்வது ஸ்கோப்பை மட்டும் வைத்து அல்லவே. நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1988இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மேற்புறம் வெளிச்சமாகவும் கீழ்ப்புறம் இருட்டாகவும் உள்ள வட்டங்களைப் பார்த்தால் அவை புடைத்திருப்பதாகத் தோன்றும். தாளைக் கவிழ்த்தால் அதே வட்டங்கள் குழிகளாகிவிடும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை தானாகவே எடுத்துக்கொள்கிறது. கவிழ்ந்த முகத்தை வைத்துக்கொண்டு கண்குழியின் நிழலை எவ்வளவு தூக்கலாம் என்று நீ முடிவுசெய்யும்போது, உன் கண் உச்சிவெயிலை அடிவெளிச்சமாகப் படித்துக்கொண்டிருக்கும்.

முகம் இன்னும் மோசம். 1980இல் உளவியலாளர் பீட்டர் தாம்சன் மார்கரெட் தாட்சரின் புகைப்படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டிக் கவிழ்த்து ஒட்டினார். படத்தைத் தலைகீழாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் உறுத்தாது. நேராக்கினால் பயங்கரமாக இருக்கும். நேரான முகத்தில் நமக்கு இருக்கும் கூர்மை கவிழ்ந்த முகத்தில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். தோல் நிறம் பார்ப்பதுதான் நம் தொழிலின் உயிர். தாடைக்குக் கீழே புல்தரையிலிருந்து ஏறிய லேசான பச்சை, நெற்றியில் மேக்கப்பும் வியர்வையும் சேர்ந்து கிளம்பும் மினுமினுப்பு, இவையெல்லாம் நேரான முகத்தில் ஒரே பார்வையில் பிடிபடும். கவிழ்ந்த முகத்தில் அருகில் வைத்து ஒப்பிட்டாலும் நழுவிவிடும்.

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதில் அவசரப்படாதே.

கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுத்த ஷாட்டுக்கு 180 டிகிரி சுழற்சி வேண்டும். மேல்கீழாக மட்டும் ஃபிளிப் செய்தால் தலை மேலே வந்துவிடும், தரை கீழே வந்துவிடும், சரியாகிவிட்டது போலவே இருக்கும். ஆனால் இடவலம் மாறிய கண்ணாடிப் பிம்பம் அது. சேலையின் முந்தானை வலத்தோளில் விழும். சட்டைப் பொத்தான் பக்கம் மாறும். பந்தியில் எல்லோரும் இடக்கையால் சாப்பிடுவார்கள். பேருந்தின் ஸ்டீயரிங் இடப்பக்கம் போய்விடும். பெயர்ப்பலகை இருந்தால் உடனே தெரிந்துவிடும், இல்லாத ஷாட்டில்தான் ஆபத்து. வலப்பக்கம் பார்த்துப் பேசியவர் இடப்பக்கம் பார்ப்பார், எதிரே நிற்பவரோடு பார்வைக் கோடு உடையும். பார்வையாளருக்குக் காரணம் தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். முகமே இல்லாத நிலக்காட்சியில் கூட ஊர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார். கன்னியாகுமரிக் கரையிலிருந்து பார்த்தால் விவேகானந்தர் பாறை இடப்பக்கம், வள்ளுவர் சிலை வலப்பக்கம். அது மாறியிருந்தால் தியேட்டரில் ஒருவராவது சத்தமாகச் சொல்வார். ரிசால்வ் மென்பொருளில் குறுக்குவாட்டு ஃபிளிப், செங்குத்து ஃபிளிப் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்து. அதுவே 180 டிகிரி.

ஃபிளிப் மட்டுமே சரியாக இருக்கும் இடமும் உண்டு. 3டி படத்துக்கான பீம் ஸ்ப்ளிட்டர் ரிக்கில் இரண்டு கேமராக்களில் ஒன்று கண்ணாடியில் விழும் பிம்பத்தைத்தான் பார்க்கிறது. அதைச் சுழற்றினால் தப்பு. ஒரே அச்சில் ஃபிளிப்தான் செய்ய வேண்டும். மாறாக, 2000களில் பானசோனிக் டி.வி.எக்ஸ்.100 போன்ற சிறிய வீடியோ கேமராக்களின் முன்னால் ரெட்ராக், லெட்டஸ் போன்ற அடாப்டர்களைப் பொருத்தி, ஸ்டில் கேமரா லென்சுகளால் சினிமாத் தோற்றம் கொண்டுவந்தார்கள். லென்ஸ் தேய்த்த கண்ணாடியில் போடும் பிம்பத்தைப் பின்னாலிருந்து கேமரா படமெடுக்கும். நிமிர்த்தும் ஏற்பாடு இல்லாத அடாப்டரில் அது மேல்கீழும் இடவலமும் மாறியே பதிவாகும். அதற்குச் சுழற்சி. ஆகவே பொத்தானை அழுத்தும் முன் உன்னையே கேட்டுக்கொள்: இங்கே கவிழ்ந்தது கேமராவா, நடுவில் கண்ணாடி இருந்ததா?

அந்தக் காலத்து வீடியோவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நிமிர்த்துவதுதான் முதல் வேலை என்று சொன்னதற்கு ஒரே விதிவிலக்கு அதுதான். இன்டர்லேஸ்டு படத்தில் ஒற்றை வரிகள் ஒரு கணத்தையும் இரட்டை வரிகள் அடுத்த கணத்தையும் பிடித்திருக்கும். பால் முறையில் தெரியும் வரிகள் 576, இரட்டை எண். கவிழ்த்தால் மேல் ஃபீல்டு கீழ் ஃபீல்டாகிவிடும், ஓடுகிறவன் முன்னும் பின்னுமாகத் துடிப்பான். அதை முதலில் டீஇன்டர்லேஸ் செய், பிறகு திருப்பு.

இன்றைய சீமாஸ் சென்சார்களில் ரோலிங் ஷட்டரைக் கவனி. சென்சார் வரி வரியாகப் படிக்கிறது. கேமரா கவிழ்ந்திருந்தால் உலகத்தைக் கீழிருந்து மேலாகப் படித்திருக்கும். ரயிலிலிருந்து எடுத்த ஷாட்டில் கம்பங்கள் வழக்கத்துக்கு எதிர்த் திசையில் சாயும். நிமிர்த்திய பிறகு ரோலிங் ஷட்டரைச் சரிசெய்யும் பிளக்இன் போட்டால், ஸ்கேன் திசையை மாற்றிச் சொல். இல்லாவிட்டால் சாய்வு இரட்டிப்பாகும்.

இருமுறை திரும்பும் அபாயமும் உண்டு. போனில் எடுத்த கிளிப்பில் "இதைத் திருப்பிக் காட்டு" என்ற குறிப்பு கோப்பின் தலைப்பிலேயே இருக்கும். டி.பி.எக்ஸ். கோப்பிலும் படத்தின் திசைக்கு ஒரு புலம் உண்டு. ஒரு மென்பொருள் அதை மதிக்கும், இன்னொன்று கண்டுகொள்ளாது. எடிட்டர் எக்ஸ்.எம்.எல். அனுப்பினால் அவர் போட்ட சுழற்சியும் கூடவே வரலாம். ஒரு கிளிப் உன் டைம்லைனில் நேராகத் தெரிந்தால், யார் அதை நேராக்கினார்கள் என்று தெரிந்துகொண்டு குறித்து வை. டெலிவரி நாளில் வேறொரு கணினியில் அது மீண்டும் கவிழ்ந்து நிற்கக் கூடாது.

பவர் விண்டோவையும் டிராக்கிங்கையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முகத்துக்குப் போட்ட விண்டோ படத்தோடு சேர்ந்து திரும்புமா என்பது மென்பொருளையும், எந்த இடத்தில் திருப்புகிறாய் என்பதையும் பொறுத்தது. அதை நம்பிக் காலம் ஓட்டாதே. எடிட்டர் ஃப்ரேமைக் கொஞ்சம் மேலே ஏற்றியிருந்தால், கவிழ்ந்த படத்தில் அதே எண் கீழே இறக்கும் என்பதை மட்டும் நினைவில் வை. சென்சாரில் தூசி விழுந்த கேமராவாக இருந்தால், மற்ற ஷாட்டுகளில் இடப்பக்க மேல்மூலையில் இருக்கும் புள்ளி, நிமிர்த்திய ஷாட்டில் வலப்பக்க அடிமூலைக்குப் போயிருக்கும். அது அங்கே இருந்தால் கேமராவும் சரி, நீ செய்த சுழற்சியும் சரி. வி.எஃப்.எக்ஸ். போகும் ஷாட்டுகள் எந்தத் திசையில் போகின்றன என்பதை எழுத்தில் கொடு. அவர்கள் கவிழ்ந்த பிளேட்டில் வேலை செய்துவிட்டு நேராக்கி அனுப்புவதும், நீ அதை மறுபடி திருப்புவதும் அடிக்கடி நடக்கிற கூத்து.

இன்னும் ஒன்று. கவிழ்ந்த எல்லாவற்றையும் நிமிர்த்திவிடாதே. 2019இல் வந்த மிட்சம்மரில் அந்தக் கிராமத்துக்குக் கார் போகும்போது கேமரா மெல்லத் தலைகீழாகிறது. 2018இன் பிளாக் பாந்தரில் கில்மாங்கர் அரியணை அறைக்குள் வரும் ஷாட் கவிழ்ந்தே தொடங்கிச் சுழன்று நேராகிறது. அந்த ஷாட்டுகளை ஒரு அசிஸ்டன்ட் நல்ல எண்ணத்தோடு நேராக்கியிருந்தால் படத்துக்கு எவ்வளவு பெரிய இழப்பு! இயக்குநர் வேண்டுமென்று வைத்த ஷாட்டை அப்படியே விட்டுவிடு. ஆனால் கிரேடு செய்யும்போது மட்டும் தற்காலிகமாக நேராக்கி முகத்தைப் பார், தோல் நிறத்தை முடிவுசெய், பிறகு பழையபடி வை. அதன் பின் சுழலும் ஷாட் முழுவதையும் ஓடவிட்டு வெளிச்சம் எப்படி உணரப்படுகிறது என்று பார். கவிழ்ந்த நிலையில் பார்வையாளருக்கு என்ன தோன்றுகிறது என்பதும் அங்கே உன் பொறுப்புதான்.

உன் பட்டியலில் இரண்டாம் ரீலில் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்த இரண்டு ஷாட்டுகள் இருக்கின்றன. தண்ணீரில் தெரியும் முகம்தான் இரண்டிலும். அவை தவறிக் கவிழ்ந்தவையா, அப்படியே வேண்டுமென்று வைத்தவையா என்று பட்டியலை வைத்து என்னால் சொல்ல முடியாது, உன்னாலும் முடியாது. எடிட்டரின் பிராக்ஸியோடு ஒப்பிட்டுப் பார். அதிலும் தெளிவு வராவிட்டால் ஒளிப்பதிவாளரைக் கூப்பிட்டுக் கேள், தயங்காதே. அவர் சொன்னதைப் பட்டியலில் சேர்த்து, எடிட்டருக்கும் வி.எஃப்.எக்ஸ். குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டு எனக்கும் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்