இருதய ஆபரேஷனுக்கு முன் இரத்தத்தைச் சோதியுங்கள்



வீட்டில் ஒருவருக்கு இருதய ஆபரேஷன் என்றால், "செலவு எவ்வளவு ஆகும்? பிழைப்பாரா?" என்றுதான் கேட்போம். "எங்கள் குடும்பத்தில் அரிவாள் அணு நோய் உண்டு" என்று டாக்டரிடம் சொல்வோமா? பலர் சொல்வதில்லை. பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்ற பயம்!

சிவப்பணு வட்டத் தட்டுப் போல, மெத்தென்று இருக்கும். மெல்லிய குழாயிலும் வளைந்து ஓடும். இந்நோய் உள்ளவர்களுக்குப் பிராணவாயு குறைந்தால் அது விறைத்து, கதிர் அரிவாள் போல வளைந்து, குழாயை அடைத்துவிடும். கை கால் குடைச்சல், இரத்தச் சோகை, மஞ்சள் கண் ஆகியவை அடையாளம். இது ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வருவது.

நம் நாட்டில் இது ஏது என்று எண்ண வேண்டாம். ரப்பர் தோட்டங்களில் குடியேறிய ஒரிசா வம்சாவளியினரிடம் இந்நோய் இருப்பதை 1980களில் டாக்டர்கள் ஆராய்ந்து எழுதினர். நீலகிரி மலைவாழ் மக்களிடம் 1952-லேயே கண்டுபிடித்தனர்.

இருதய ஆபரேஷனில் என்ன ஆபத்து? இருதயத்தை நிறுத்தி, யந்திரம் இரத்தத்தை ஓட்டும்போது உடம்பைக் குளிரவைப்பதும் உண்டு. குளிர்ச்சி, பிராணவாயுக் குறைவு, நீர்வற்றல் எல்லாமே அணுவை வளைக்கும் காரணங்கள். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர்கள் நோயாளியின் இரத்தத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, நல்ல இரத்தம் ஏற்றுவார்கள். அரிவாள் வகை ஹீமோகுளோபினை 100-க்கு 30-க்குக் கீழே கொண்டுவருவது வழக்கம். உடம்பை அதிகம் குளிரவைக்காமலும் பார்த்துக்கொள்வார்கள்.

தாய், தகப்பன் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் அது நோயல்ல, சுமப்பவர் மட்டுமே. பெரும்பாலும் இரத்தம் மாற்றத் தேவைப்படாது. ஆனாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்தால், தேதி குறிக்கும் முன்பே ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை கேளுங்கள்.

2. முன்பு இரத்தம் ஏற்றியிருந்தால் அந்தச் சீட்டைக் கொண்டுபோங்கள். பொருத்தமான இரத்தம் தேட நாளாகும்.

3. சாப்பிடாமல், குடிக்காமல் இருக்கச் சொன்னால், "உடம்பில் நீர் வற்றாமல் டிரிப் போடுவீர்களா?" என்று கேளுங்கள்.

4. வீடு திரும்பியபின் காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கல்யாணப் பேச்சு இன்று தட்டினால் நாளை கூடும். போன உயிர் கூடாது. மறைக்காமல் சொல்லுங்கள்!