லைனை நிறுத்துவது வேறு, கணக்கை முடிப்பது வேறு



கொரோனா ஊரடங்கு நடந்த 2020, 2021ஆம் ஆண்டுகளில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக நம் தெருக்களில் பல வீடுகளுக்கு இணைய லைன் வந்தது. அன்று பள்ளியில் படித்த பிள்ளைகள் பலர் இன்று கல்லூரிக்காகத் திருச்சிக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். சில வீடுகளில் குடும்பத் தலைவர் சபுரில் இருக்கிறார். வீட்டில் இருப்பவர்களுக்குச் செல்போன் டேட்டாவே போதுமாக இருக்கிறது. "இனி அந்த லைன் எதற்கு?" என்று கேட்கும் வீடுகள் கூடிவருகின்றன. நியாயமான கேள்விதான். பயன்படுத்தாத ஒன்றுக்கு மாதாமாதம் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்துப் பணம் கட்டுவது வீண்விரயம்.

ஆனால் நிறுத்தும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். ரூட்டரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, "பில் கட்டாவிட்டால் அவனே கட் பண்ணிவிடுவான்" என்று இருந்துவிடுகிறார்கள். லைன் கட் ஆகலாம். கணக்கு அதோடு முடிவதில்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது நம் பகுதியில் கம்பங்களும் கம்பிகளும் சாய்ந்ததை நாம் மறக்கவில்லை. கம்பி அறுந்துபோனாலும், கம்பெனியின் ஏட்டில் நம் பெயரும், நாம் கட்டிய வைப்புத்தொகையும், நம் பாக்கியும் அப்படியேதான் இருக்கும்.

பிரீபெய்டா, போஸ்ட்பெய்டா?

முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரீபெய்டு என்றால், ரீசார்ஜ் முடிந்ததும் சேவை நின்றுவிடும், பில் ஏறாது. ஆனால் கம்பெனி கொடுத்த ரூட்டர் நம்மிடம் இருந்தால் அதைத் திருப்பித்தர வேண்டிய பொறுப்பு இருக்கிறது. போஸ்ட்பெய்டு என்றால் நாம் சொல்லும்வரை, அல்லது கம்பெனியே துண்டிக்கும்வரை வாடகை ஏறிக்கொண்டிருக்கும். பயன்படுத்தவில்லை என்பது கணக்கில் வராது. பிறகு அது பாக்கித் தொகையாகி, வசூல் ஆள்களின் போன் அழைப்பாகவும் வக்கீல் நோட்டீஸாகவும் வந்து நிற்கும்.

மார்க்கத்தின் பார்வையில்

லைன் எடுக்கும்போது நாம் கையெழுத்துப் போட்டது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் சொல்கிறது. கம்பெனியின் ரூட்டர் நம் வீட்டில் இருக்கும் அமானிதம். எதிரில் இருப்பது பெரிய கம்பெனி என்பதால் அது நம் பொருளாகிவிடாது. அதேபோல நம் வைப்புத்தொகையும் கம்பெனியிடம் இருக்கும் நம் ஹக்கு. அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் எதுவும் இல்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படி சொல்லும் அல்பகரா 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை நம் பிள்ளைகள் மதரஸாவில் படிக்கிறார்கள். அந்தப் பாடத்தை இங்கே பயன்படுத்துவோம்.

செய்ய வேண்டியவை

1. கணக்கு யார் பெயரில் இருக்கிறது, கணக்கு எண் என்ன, பில் எந்தத் தேதியில் முடிகிறது, வைப்புத்தொகை எவ்வளவு என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் கட்டியிருந்தால், மீதி நாள்களுக்குப் பணம் திரும்ப வருமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

2. நிறுத்தும் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். லைன் இழுத்த தம்பியிடம் வாசலில் வைத்துச் சொன்னது கம்பெனியிடம் சொன்னதாக ஆகாது. பி.எஸ்.என்.எல். ஃபைபர் லைன்களைப் பல ஊர்களில் தனியார் பங்காளிகள்தான் பராமரிக்கிறார்கள். ஆனாலும் விண்ணப்பம் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர் சேவை மையத்துக்குப் போக வேண்டும். போனில் சொன்னால் கோரிக்கை எண்ணைக் கேட்டு, தேதியோடு குறித்துவையுங்கள்.

3. ரூட்டரை அடாப்டரோடு ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் அதன் வரிசை எண் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

4. இறுதிப் பில்லைக் கேட்டு வாங்கிக் கட்டி, "பாக்கி இல்லை" என்று எழுத்திலோ மின்னஞ்சலிலோ பெற்றுக்கொள்ளுங்கள்.

5. ஆட்டோபே போட்டிருந்தால் இறுதிப் பில் தீர்ந்தபின் அதையும் ரத்து செய்யுங்கள். தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். ஆட்டோபேயை மட்டும் ரத்து செய்தால் சேவை ரத்தாகிவிட்டது என்றும் எண்ணாதீர்கள்; போஸ்ட்பெய்டில் பில் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

கடிதத்தில் இவ்வளவு இருந்தால் போதும்:

"என் பெயரில் உள்ள ___ எண் இணைய இணைப்பை ___ தேதியோடு நிரந்தரமாக முடித்துக்கொள்கிறேன். ___ வரிசை எண் கொண்ட ரூட்டரை இத்துடன் ஒப்படைக்கிறேன். இறுதிப் பில்லைத் தரவும். என் வைப்புத்தொகையில் பாக்கி போக மீதியைக் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தவும். பாக்கி இல்லை என்ற சான்றும், இக்கடிதத்துக்குத் தேதியிட்ட ஒப்புகையும் தரவும்."

"நிரந்தரமாக" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் தற்காலிக நிறுத்தம் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள்.

மவுத்தானவர் பெயரில் லைன் இருந்தால்

இதுதான் நம் வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது. ஜனாஸா தொழுகைக்கு முன், மய்யித்துக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தால் வாரிசுகளிடம் கேட்டுக்கொள்ளும்படி அறிவிக்கிறோம். கைமாற்று, கடைப் பாக்கியெல்லாம் நினைவுக்கு வருகின்றன. அத்தா பெயரில் ஓடிக்கொண்டிருக்கும் இணைய பில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கடன் விட்டுச் சென்ற ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் தொழுவிக்கத் தயங்கியதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழுவித்ததும் புகாரியில் பதிவாகியிருக்கின்றன. சிறிய கடன்தானே என்று விடக்கூடாது என்பதற்கு இது போதும். அடக்கச் செலவும் கடனும் தீர்ந்து, வஸிய்யத்தும் நிறைவேறிய பிறகுதான் சொத்துப் பங்கீடு. எனவே இறப்புச் சான்றிதழ் நகலோடு வாரிசு ஒருவர் விண்ணப்பம் கொடுத்து, லைனை முடிக்கவோ தம் பெயருக்கு மாற்றவோ வேண்டும். இத்தாவில் இருக்கும் பெண்களை இதற்காக அலையவிடாமல் பிள்ளைகளோ ஜமாஅத்தினரோ முன்வந்து செய்வது நல்லது.

சபுரில் இருப்பவர்களும் கவனியுங்கள். சிங்கப்பூரில் வீட்டு ஃபைபர் லைன்களுக்கு 24 மாத ஒப்பந்தம் வழக்கம். இடையில் விட்டால் தனிக் கட்டணம் கேட்பார்கள். ஊர் திரும்பும் தேதி முடிவானதும் ஒப்பந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.

இழுத்தடித்தால்

வைப்புத்தொகையைத் திருப்பித் தருவதற்குக் காலக்கெடு உண்டு. பிராட்பேண்ட் சேவைக்கு டிராய் 2006இல் வகுத்த தர விதிகளே 60 நாளுக்குள் தர வேண்டும் என்றன. கம்பெனியின் புகார் மையத்தில் புகார் எண் வாங்குவது முதல் படி. அங்கே தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். 2012ஆம் ஆண்டு விதிகளின்படி இதற்குக் கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனிநபர் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால் அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

அதற்கும் பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசியாக, திருவாரூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தொலைத்தொடர்பையும் சேவை என்றே சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். சேர்வதை எளிதாக்கி, விலகுவதைச் சிக்கலாக்கும் வியாபார முறையை "சந்தாப் பொறி" என்ற வகையில் மத்திய அரசின் 2023 நவம்பர் வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன. ஜெர்மனியில் 2022 ஜூலை முதல், இணையத்தில் சந்தா விற்கும் நிறுவனங்கள் ரத்து செய்யும் பொத்தானையும் அங்கேயே வைத்தாக வேண்டும். ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல.

இதில் ஓர் அதபும் உண்டு. கவுன்டரில் இருக்கும் பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்பவர். "இரண்டு மாதம் இலவசம், இருங்கள்" என்று சொல்வது அவர் வேலை. வேண்டாம் என்பதைக் குரல் உயர்த்தாமல் சொல்லி, ஒப்புகையை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கடிதம் எழுத உதவி தேவைப்படுவோர் பழைய பில், ஆதார் நகலுடன் ஜும்ஆவுக்குப் பின் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். பெண்கள் வீட்டுப் பிள்ளைகள் வழியாகத் தகவல் சொன்னாலும் போதும். இன்ஷா அல்லாஹ் எழுதி அனுப்புகிறோம்.

பிறர் ஹக்கு நம்மிடமும், நம் ஹக்கு பிறரிடமும் தங்கிவிடாமல் வாழும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

– செயலாளர்