ஒரு தம் இழுத்தால் மூளைக்குள் என்ன நடக்குது?

"நினைச்சா நாளைக்கே விட்டுடுவேன்" என்று சொல்லாத ஆள் நம் ஹாஸ்டலில் உண்டா? நானும் நாலு தடவை சொன்னவன்தான்.

இழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் 10, 20 விநாடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே அசிட்டைல்கோலினுக்கென்று உள்ள ஏற்பிகளில் கள்ளச்சாவி போல நுழைகிறது. உடனே டோப்பமைன் சுரக்கிறது. அதுதான் அந்தச் சுகம். தினமும் இழுக்க இழுக்க ஏற்பிகளின் எண்ணிக்கையும் கூடிவிடும். திடீரென்று நிறுத்தினால் அத்தனையும் 'கொடு, கொடு' என்று கேட்கும். எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் அதனால்தான். முதல் வாரம் கொடுமை. ஏற்பிகள் பழைய அளவுக்குத் திரும்ப 6 முதல் 12 வாரம் ஆகலாம்.

அப்புறமும் ஆபத்து உண்டு. டீ கிளாஸையும் சிகரெட்டையும் மூளை சேர்த்தே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. நாலு தடவையும் நான் கவிழ்ந்தது டீக்கடை பெஞ்சில்தான்! கிளம்புகிற ஆசை சில நிமிஷத்தில் தானாக அடங்கும், அதுவரை தாக்குப்பிடிக்கணும். இப்போ எனக்கு டீ மெஸ்ஸிலேயே. இன்று 19-ஆம் நாள்.