ஈராட்ட வீரர் கோபாலன்

செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கம் என்னும் சிற்றூரினைப் பூர்விகமாகக் கொண்டவர் எம். ஜே. கோபாலன். 1909ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 6ஆம் நாள் பிறந்த இவர், கிரிக்கெட்டு, ஹாக்கி எனப்படும் வளைகோற் பந்தாட்டம் ஆகிய இரண்டிலும் இந்திய அணியில் இடம்பெற்ற மிகச் சிலருள் ஒருவர்.

திருவல்லிக்கேணியில் பந்து வீசித் திரிந்த இளைஞரின் ஆற்றலைக் கண்டு ஆதரித்தவர் சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். அக்காலத்தில் ஆட்டம் புகழ் தரும், சோறு தராது. ஆகவே, கோபாலன் பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் அலுவல் ஏற்றார். அந்நிறுவனத்தின் முன்னோடிகளுள் ஒன்றான பர்மா எண்ணெய்க் கம்பெனியைச் சென்னைத் துறைமுகத்தை அடுத்து வாழ்வோர் நன்கறிவர். முதல் உலகப்போரின் தொடக்கத்தில், 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியக் கப்பல் குண்டெறிந்து கொளுத்தியவை அக்கம்பெனியின் தொட்டிகளே. அஞ்சத்தக்கவனை ‘எம்டன்’ என்று கூறும் வழக்கு இன்றும் நம் பேச்சில் உள்ளதன்றோ?

1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியை எதிர்த்துக் கோபாலன் டெஸ்ட் பந்தயம் ஆடினார். அஃது முடிந்த ஒரு வாரத்தில், பீகாரை மாபெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள், ரஞ்சிக் கோப்பையின் முதற்பந்தயம் சேப்பாக்கத்தில் தொடங்கிற்று. அதன் முதற்பந்தை வீசியவர் கோபாலனே. மைசூர் 48, 59 ஓட்டங்களுக்கு ஆட்டமிழக்க, 130 ஓட்டம் எடுத்த சென்னை ஒரே நாளில் வென்றது. எனினும், அன்று 11 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ஏ. ஜி. ராம்சிங். அடுத்த ஆண்டு கோபாலன் தியான்சந்துடன் நியூசிலாந்து சென்று வளைகோல் பிடித்தார்.

இனி, 1936ஆம் ஆண்டுக்கு வருவோம். இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட்டு அணியில் சேர்வதா, பெர்லின் ஒலிம்பிக்கிற்கு ஹாக்கி வீரரைத் தெரிந்தெடுக்கும் ஆட்டங்களில் கலந்துகொள்வதா என்னும் வினா அவர்முன் நின்றது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். விசயநகரம் மகாராஜ்குமார் தலைமையேற்ற அவ்வணியிலோ பூசலே மிகுந்திருந்தது. சிறந்த ஆட்டக்காரரான அமர்நாத் பாதியிலேயே தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டார். மூன்று டெஸ்ட் பந்தயங்களுள் ஒன்றிலேனும் கோபாலனுக்கு இடம் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 15ஆம் நாள் இலண்டன் ஓவல் திடலில் மூன்றாம் டெஸ்ட் தொடங்கியது. அதே நாளில், ஹிட்லரின் பெர்லின் நகரில், தியான்சந்தின் அணி ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று எனும் கணக்கில் வென்று பொற்பதக்கம் பெற்றது. நாடு அடிமைப்பட்டிருந்த அந்நாளில், ஆட்டத்துக்கு முன் அறையினுள்ளே காங்கிரசின் மூவர்ணக் கொடியை வணங்கிவிட்டே நம் வீரர் களம் புகுந்தனர் என்பர். சரியாகப் பதினோராண்டு கழித்து, அதே ஆகஸ்ட் 15இல், நாடு விடுதலை பெற்றது. கோபாலன் தேர்ந்தது தவறென்று இன்று சொல்லுதல் எளிது. கப்பலேறுமுன் இவற்றையெல்லாம் அறியக்கூடியவர் யார்?

பின்னர் இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருவர் என்ற அச்சத்தால் சென்னை மக்கள் திரள்திரளாக ஊரைவிட்டகன்றனர். 1946 ஜூன் வரை இந்தியா டெஸ்ட் பந்தயம் ஆடவேயில்லை. கோபாலனின் வேகம் மிக்க ஆண்டுகள் இவ்விடைவெளியிலே கழிந்தன. கல்கத்தாவில் ஆடிய ஒன்றே அவருடைய டெஸ்ட் பந்தயமாக நின்றது.

ஆயினும் சென்னை அவரை மறக்கவில்லை. 1952-53 பருவத்தில், சென்னையும் இலங்கையும் மோதும் பந்தயத்துக்கு அவர் பெயரால் கோபாலன் கோப்பை நிறுவப்பெற்றது. இலங்கைக்கு டெஸ்ட் தகுதி வாய்க்காத அந்நாளில், அதன் வீரர் பலர் தம் திறத்தைக் காட்டிய களம் அது. 1964இல் இந்திய அரசு கோபாலனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. 2003 டிசம்பர் 21ஆம் நாள், தம் தொண்ணூற்று நான்காம் வயதில், அவர் சென்னையில் காலமானார்.