மேற்கிலிருந்து தொடங்கு

அன்புள்ள கண்ணு,

நாலடி அகலத்தில் பெரிய மேட்டுப்பாத்திகள் கட்டியாகிவிட்டது, நாளெல்லாம் வெயில் விழுகிற இடம், என்ன செடி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். வெயில் தாங்கும் செடிகளின் பெயர்களைத்தான் எதிர்பார்த்திருப்பாய். கோயமுத்தூரில் அது மட்டும் போதாது. இங்கே செடியை வாட்டுவதில் வெயிலுக்குச் சரிபங்கு பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்றுக்கும் உண்டு. வைகாசிக் கடைசியில் கிளம்பி ஆடியில் உச்சத்துக்குப் போகும் அந்தக் காற்று, இலையின் ஈரத்தையும் மண்ணின் ஈரத்தையும் சேர்த்தே இழுத்துக்கொள்ளும். தரைப்பாத்தி மேலே மட்டும் காயும். மேட்டுப்பாத்தியோ பக்கச் சுவர்களும் சூடேறி எல்லாப் பக்கமும் காயும். மழையும் சென்னையில் பெய்வதில் ஏறக்குறைய பாதிதான். அதனால், பாத்தியின் மேற்கு ஓரத்தில் எதை நிறுத்துவது என்பதை முதலில் முடிவு செய். மற்றச் செடிகளை அதை ஒட்டித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உயரமான செடி வடக்கே, குட்டையானது தெற்கே என்றுதானே தோட்டப் புத்தகங்களில் இருக்கிறது என்பாய். ஐரோப்பாவுக்கு அது சரி. அங்கே நண்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கும். கோவை இருப்பது 11 பாகை வட அட்சரேகையில். சித்திரைத் தொடக்கத்தில் உச்சிக்கு வரும் சூரியன், ஆவணித் தொடக்கம் வரை நண்பகலில் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். பிறகுதான் தெற்கே போகும். ஆக, வடக்கா தெற்கா என்ற கணக்கு இங்கே வருஷம் முழுக்க நிலைக்காது. பிற்பகல் வெயிலும் ஆடிக்காற்றும் மேற்கிலிருந்து வருவதுதான் மாறாத கணக்கு. பாத்தியின் நீளம் தெற்கு வடக்காக அமைந்திருந்தால், மேற்கில் ஒரே வரிசை இரண்டையும் தடுக்கும்.

அந்த வரிசைக்குத் துவரையைச் சொல்வேன். ஆழமாக வேர்விடும், வறட்சி தாங்கும், வேர்முடிச்சால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். ஆனி பிறக்குமுன் நெஞ்சுயரம் வர வேண்டும் என்பதால் மாசியிலேயே விதைத்துவிடு. பாத்திக்கு வெளியே தரையில் இடமிருந்தால் அகத்தி நடலாம். வெற்றிலைக் கொடிக்காலில் கொடிக்கு நிழலும் பிடிமானமும் தருவது அகத்திதான். மெல்லிய இலையை வெயிலிலிருந்து காக்கும் இந்த வழி நம் விவசாயிகளுக்குப் பழக்கமானது. முருங்கைக்கும் வறட்சி பொருட்டில்லை, ஆனால் கிளை முறியும். வைப்பதென்றால் காற்றுக் காலத்துக்கு முன் கவாத்து செய்துவிடு.

மறைப்புக்கு உள்ளே, நடுவில் கத்தரி, மிளகாய், வெண்டை. பிற்பகல் நிழல் கிடைக்கும் கிழக்கோரத்தில் கொத்தமல்லி, புதினா. முளைக்கீரைக்கும் கொத்தவரைக்கும் நல்ல வெயில் பிடிக்கும் என்பதால் நிழல் குறைந்த இடத்தை அவற்றுக்குக் கொடு. தக்காளியைக் கோடையில் நம்பாதே. பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் வீரியமிழக்கும். செடி பச்சையாக நிற்கும், பூ மட்டும் காம்போடு உதிர்ந்துகொண்டிருக்கும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் இது சரியாகாது. ஐப்பசியில் நாற்று நட்டால், காய்க்கும் மார்கழி, தை மாதங்களின் குளிர் அதற்கு ஒத்துப்போகும்.

மேற்கு வரிசை வெயிலையும் தண்ணீரையும் பறித்துக்கொள்ளாதா என்பது நியாயமான கேள்வி. கொஞ்சம் பறிக்கும்தான். ஆனால் காலை முதல் உச்சிவரை கிடைக்கும் வெயிலே பெரும்பாலான காய்கறிகளுக்குப் போதும். தண்ணீருக்காகத் துவரையை அடுத்த வரிசையிலிருந்து இரண்டடி தள்ளி வை. பச்சை வலை கட்டினால் போதாதா என்றால், மேலே கட்டும் வலை வெயிலைத்தான் குறைக்கும். பக்கவாட்டில் வரும் காற்றுக்கு அது தடையில்லை.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. கொங்கு விவசாயி வரப்பு கட்டித் தாழ்பாத்தியில் தண்ணீரைத் தேக்குகிறாரே, தண்ணீர் குறைந்த ஊரில் மேட்டுப்பாத்தி எதற்கு? கோடைக்கு அவர் செய்வதே சரி. கரிசல் மண்ணில் ஐப்பசி அடைமழை நாள்கணக்கில் தேங்கி மிளகாயின் வேர் அழுகும்போதுதான் மேட்டின் அருமை தெரியும். எனவே இரண்டையும் கலந்துகொள்: பாத்தியின் விளிம்பை மண்ணைவிட நாலு விரல் உயர்த்தி, மேலே தென்னை மட்டையும் சருகும் மூடாக்காகப் போடு. மண்ணில் மட்கிய தென்னை நார்க்கழிவைக் கலந்தால் ஈரம் நிற்கும். பச்சையாகக் கலக்காதே, அதன் டேனின் வேரைக் கெடுக்கும்.

விதை வாங்கப் போகுமுன் ஒருநாள் மூன்று மணிக்குப் பாத்தியருகே நின்று, நிழல் எங்கே விழுகிறது, காற்று எப்படி அடிக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள். அந்தக் குறிப்பைப் பார்த்து வாங்கு, பாக்கெட்டில் இருக்கும் படத்தைப் பார்த்து வாங்காதே.

அன்புடன்,
உன் பெரியப்பா