பந்து மூட்டுப் பொம்மை: கிராமக் கைத்தொழிலுக்கு ஒரு பாடம்

மண்ணையும் காகிதக் கூழையும் கொண்டு உருவம் செய்வது நம் கிராமங்களுக்குப் புதிதன்று. மதுரையை அடுத்த விளாச்சேரியிலும், கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டியிலும் கொலுப் பொம்மை செய்யும் குடும்பங்கள் பல உள்ளன. ஆயினும் கொலுப் பொம்மை பெரும்பாலும் நவராத்திரியை ஒட்டியே விலையாகின்றது. ஏனைய மாதங்களிலும் அக்கைகளுக்கு வேலை வேண்டும். அதற்கு ஏற்ற ஒரு தொழிலின் செய்முறையையும், அதை மேற்கொள்ளுமுன் பஞ்சாயத்துகள் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றையும் இங்கு விளக்க முற்படுகின்றோம்.

பந்து மூட்டு என்பது யாது?

நம் உடலில் தோளும் இடுப்பும் கிண்ணத்தில் அமர்ந்த பந்து போன்றவை, எப்பக்கமும் சுழலும். முழங்காலோ கதவுக் கீலைப் போல ஒரே திசையில் மடங்கும். பந்து மூட்டுப் பொம்மையில் கழுத்து முதல் கணுக்கால் வரை எல்லா மூட்டுகளும் பந்தும் கிண்ணமுமாகவே அமைகின்றன. உறுப்புகளின் உட்புறம் வெற்றிடமாக இருக்கும். அதனூடே எலாஸ்டிக் கயிறு ஓடி உறுப்புகளை இழுத்துப் பிடிக்கும். மூட்டில் ஆணி இல்லை, பசையும் இல்லை. கையை உயர்த்தி விட்டால் உயர்த்தியபடியே நிற்கும். உட்கார வைத்தால் உட்காரும். இது குழந்தைகள் விளையாடும் பண்டம் அன்று. கலைப்பொருளாகப் போற்றிச் சேர்ப்போர் வாங்குவது.

இரு நாடுகள் தரும் படிப்பினை

ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் சோன்னபெர்க் என்னும் ஊர் உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் அவ்வூரும் சுற்றியுள்ள கிராமங்களும் பொம்மைத் தொழிலில் உலகப் புகழ் பெற்றன. காகிதக் கூழும் மரத்தூளும் பசையும் கலந்த கலவையால் உடலும், பீங்கானால் தலையும் செய்து, பந்து மூட்டுகளால் இணைத்தனர். அருகிலுள்ள லௌஷா கிராமத்தில் கண்ணாடிக் கண்கள் ஊதப்பட்டன. வேலை வீடுகளில் நடந்தது. ஒரு வீட்டார் கைகால்களை அச்சில் அழுத்துவர். மற்றொரு வீட்டார் வண்ணம் பூசுவர். வேறொருவர் முடி வைப்பர். விலையை வகுத்தவர் வணிகரே. குழந்தைகளும் கூடி உழைத்த வீடுகளுக்குச் சொற்பக் கூலியே கிடைத்தது. ஓர் உறுப்பை மட்டும் செய்யத் தெரிந்தவனால் முழுப் பொம்மையைத் தானே செய்து விற்க இயலவில்லை என்பதே இதன் காரணங்களுள் முதன்மையானது.

ஜப்பானில் இக்கலை வேறு வழியில் வளர்ந்தது. ஜெர்மன் கலைஞர் ஹான்ஸ் பெல்மர் 1930களில் செய்த மூட்டுப் பொம்மையின் படங்களைக் கண்டு, யோட்சுயா சிமோன் என்னும் கலைஞர் இத்துறையில் ஈடுபட்டார். 1978ஆம் ஆண்டில் அவர் ஒரு பொம்மைப் பள்ளியை நிறுவினார். அங்கு இவ்வகைக் கலைஞர் வரைபடம் முதல் முகவண்ணம் வரை தாமே செய்து, தம் பெயரிலேயே பொம்மையை வெளியிடுகின்றனர். 1999இல் வோக்ஸ் என்னும் நிறுவனம் பிசின் வார்ப்பில் இத்தகைய பொம்மைகளைச் செய்து விற்கத் தொடங்கியபின் பல நாடுகளில் இவற்றைச் சேர்ப்போர் பெருகினர். முழுத்தொழிலையும் ஒருவரே கற்பதா, ஒரு துண்டு வேலையோடு நின்றுவிடுவதா என்ற கேள்விக்கு இவ்விரு நாடுகளின் அனுபவமே விடை கூறுகின்றது.

செய்முறை

1. வரைபடம்: பொம்மையை முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம் என இரண்டாக, உண்மை அளவிலேயே வரைதல் வேண்டும். மூட்டு வரும் இடந்தோறும் வட்டமிட்டு அதன் மையத்தைக் குறிக்க வேண்டும். தலை, மார்பு, இடுப்பு ஆகியவை ஒவ்வொன்று. மேற்கை, முன்கை, உள்ளங்கை, தொடை, கெண்டைக்கால், பாதம் ஆகியவை இவ்விரண்டு. ஆக 15 உறுப்புகள். அவற்றை இணைப்பவை 14 மூட்டுகள். பக்கவாட்டுப் படத்தில் காது, இடுப்பு மூட்டு, கணுக்கால் ஆகிய மூன்றும் கொத்தனாரின் தூக்குக்குண்டு நூலைப்போல் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். இல்லையேல் பொம்மை நிற்காது.

2. சுருக்கக் கணக்கு: ஜப்பானில் சூளையின்றி உலரும் கற்பொடிக் களிமண்ணைப் பயன்படுத்துகின்றனர். நம் ஊர்களில் காகிதக் கூழ், சாக்குப் பொடி, பசை ஆகியவற்றைப் பிசைந்த கலவை ஏற்றது. எக்கலவையாயினும் உலரும்போது சுருங்கும். ஆதலால் 10 செ.மீ. நீளக் குச்சி ஒன்றை அக்கலவையால் செய்து, நன்கு உலர்த்தி அளக்க வேண்டும். அது 9.5 செ.மீ. ஆயிற்று எனக் கொள்வோம். 45 செ.மீ. பொம்மை வேண்டுமாயின் 45ஐ 10ஆல் பெருக்கி 9.5ஆல் வகுத்து, ஏறத்தாழ 47.4 செ.மீ. உயரத்திற்கு வரைபடம் தயாரித்தல் வேண்டும்.

3. உறுப்புகள்: தெர்மாகோலை வரைபடத்தைவிடச் சற்று மெல்லியதாகச் செதுக்கி, அதன்மேல் 5 மி.மீ. கனத்திற்குக் கலவையை அப்பி, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் மேற்புறம் மட்டும் விரைந்து காய்ந்து வெடிப்புக் காணும். உலர்ந்தபின் நீளவாக்கில் இரண்டாக அறுத்து, தெர்மாகோலை நீக்கி, நீர்த்த கலவையால் மீண்டும் ஒட்டவேண்டும். இவ்வாறு உள்வெற்றிடம் கிடைக்கின்றது. தலையில் மட்டும் உச்சிப் பகுதியை ஒட்டாது மூடிபோல் விட்டுவிடவேண்டும்.

4. பந்தும் கிண்ணமும்: தொழிலின் உயிர்நிலை இதுவே. பந்துகளைத் தனியே உருட்டி, உலர்த்தி, எப்பக்கம் அளந்தாலும் ஒரே குறுக்களவு வரும்வரை தேய்க்க வேண்டும். முழங்காலில் பந்து கெண்டைக்காலின் தலையில் ஒட்டப்படும். தொடையின் அடிப்பகுதியில் கிண்ணம் அமையும். பந்தின்மீது மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, கிண்ணத்தில் ஈரக்கலவை இட்டு, பந்தை அழுத்திச் சுழற்றி எடுத்தால் பொருத்தமான குழிவு கிட்டும். கிண்ணத்தின் ஆழம் பந்தின் பாதியைவிடச் சற்றுக் குறைவாக இருத்தல் வேண்டும். மிகுந்தால் மூட்டு இறுகும். மிகவும் குறைந்தால் பந்து நழுவும். பின்னர் மூட்டு மடங்கும் பக்கமாகப் பந்தில் ஒரு பிளவு வெட்டவேண்டும். முழங்காலுக்குப் பின்புறமும், முழங்கைக்கு முன்புறமும் பிளவு வரும். கயிறு அப்பிளவில் நகர்வதாலேயே மூட்டு மடங்குகின்றது.

5. தேய்ப்பும் பூச்சும்: முதலில் 120, அடுத்து 240, இறுதியில் 400 எண் உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். கிண்ணத்தின் உட்புறத்தை, அதே அளவுள்ள பந்தில் உப்புத்தாளை ஒட்டித் தேய்ப்பது நலம். பின் வெள்ளைப் பூச்சும், அதன்மேல் தோல் நிறமும் மெல்லிய அடுக்குகளாகப் பூசவேண்டும். மூட்டினுள் பூச்சுத் தடித்தால் பொருத்தம் கெடும்.

6. கயிறு கோத்தல்: ஏறத்தாழ 3 மி.மீ. எலாஸ்டிக் கயிறு இந்த அளவிற்கு ஏற்றது. தலையிலிருந்து உடல் வழியே இரு பாதங்களுக்கும் ஒன்று, ஒரு கையிலிருந்து மார்பு வழியே மறு கைக்கு மற்றொன்று என இருவகையாகக் கோத்து, முனைகளைக் கம்பிக் கொக்கிகளில் மாட்டவேண்டும். பொம்மை தானே நின்றால் இழுவிசை சரி என்று கொள்ளலாம். சில ஆண்டுகளில் கயிறு தளரும், மாற்றிக்கொள்ளலாம். இதை வாங்குபவரிடம் முன்னரே சொல்லிவிடுதல் நேர்மை.

7. கண்ணும் முகமும்: தலையின் மூடியைத் திறந்து, கண்ணாடிக் கண்களை உட்புறத்திலிருந்து மென்மையான மெழுகுக் களிம்பால் பொருத்தவேண்டும். புருவமும் இதழும் தீட்டுவது கடைசி வேலை. கை தேர்ந்த பின்னரே இதில் இறங்குதல் நன்று.

கவனிக்க வேண்டிய இரண்டு

முதலாவது, தூசி. உலர்ந்த கலவையைத் தேய்க்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். கற்பொடிக் கலவையில் இத்தீங்கு மிகுதி. மூக்கையும் வாயையும் இறுகப் பொருந்தி மூடும் தூசிக் கவசம் அணிதலும், காற்றோட்டமான தனியிடத்தில் தேய்த்தலும், ஈரத்துணியால் தரையைத் துடைத்தலும் கட்டாயம். அடுப்படியிலும் குழந்தைகள் உறங்கும் அறையிலும் இவ்வேலை கூடவே கூடாது.

இரண்டாவது, விலை. பொருட்செலவு இதில் சிறிது, உழைப்பே பெரிது. ஒரு பொம்மைக்கு 15 நாள் உழைப்பு எனக் கொள்வோம். நாட்கூலி 500 ரூபாய் என்றால் கூலி 7,500 ரூபாய். பொருட்செலவு 1,000 ரூபாய் எனில் அடக்க விலை 8,500 ரூபாய் ஆகின்றது. இதனை 4,000 ரூபாய்க்கு விற்றுவிட்டுப் பொருட்செலவு போக 3,000 ரூபாய் இலாபம் என மகிழ்பவர், தம் கூலியில் 4,500 ரூபாயை இழந்தவரே ஆவர். ஆதலால் ஒவ்வொருவரும் வேலை நேரத்தைக் குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதிவருதல் இன்றியமையாதது.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

மண்வேலை அறிந்தோரும், தையல் அறிந்த மகளிர் சுயஉதவிக் குழுவினரும் சேர்ந்த சிறு குழுவுடன் தொடங்குவது போதும். தேய்ப்பு வேலைக்குக் காற்றோட்டமான ஓர் அறையும், பொதுவான அளவுப் பந்துகளின் தொகுதி ஒன்றும் தேவை. குழுவிலுள்ள ஒவ்வொருவரும் முதலில் ஒரு முழுப் பொம்மையைத் தம் கையாலேயே செய்து முடிக்கவேண்டும். வேலையைப் பகிர்ந்துகொள்வது அதன்பின்னரே நிகழட்டும். வாங்குவோர் குறைவாதலின், முதற் பொம்மைகள் விலையாகுமுன் எவரும் கடன் வாங்கித் தொழிலைப் பெருக்க முற்படலாகாது. உழவு வேலை குறைந்த மாதங்களில் இதனைத் துணைத் தொழிலாகக் கொள்வதே அறிவுடைமை.

விலை பேசும் நாளில் குழுவினர் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றாக அமரட்டும். தொழில் முழுவதும் தெரிந்தவரும், தம் உழைப்பின் கணக்கை அறிந்தவருமான கைவினைஞர், பிறர் கூறும் விலைக்குத் தலையாட்ட வேண்டிய நிலை வாராது.